கூட உட்கார ஒருவர்

எங்கள் வீட்டில் இரண்டு வருஷமாக அதிகம் புழங்கித் தேய்ந்துபோன சொல் 'பொறுப்பு'. என் தங்கை மகன் எட்டாம் வகுப்புக்கு வந்தபோது ஆரம்பித்தது. வகுப்பு ஆசிரியை, ட்யூஷன் வாத்தியார், அவன் அப்பா, கீழ்வீட்டுக்காரர், கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்கள் எல்லோரும் கூடிப் பேசி முடிவு செய்ததுபோல ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: பையனுக்கு மூளை இருக்கிறது, பொறுப்பு இல்லை. ஒரு சொல் இவ்வளவு ஒருமனதாகப் பிரயோகமாகும்போது அதன்மேல் சந்தேகம் வரவேண்டும். 'யதார்த்தம்', 'மண்வாசனை' என்ற சொற்களுக்கு நம்மிடையே என்ன கதி நேர்ந்தது என்பதை இந்தப் பக்கங்களை வாசிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எதையும் விளக்காத சொல் எல்லாவற்றுக்கும் பொருந்திவிடுகிறது.

பையனுக்கு இப்போது 14 வயது. தியாகராய நகரில் உஸ்மான் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரே வீட்டின் மாடியில் நானும் கீழ்ப்பகுதியில் அவர்களும் இருக்கிறோம். அவன் அப்பாவுக்கு வெளியூர் உத்தியோகம். மாதத்துக்கு இருமுறை வருவார். தங்கை வங்கியில் வேலை முடிந்து வர ஏழரை, எட்டு ஆகிவிடும். மாலை நேரத்தில் வீட்டில் இருக்கும் பெரியவன் நான்தான். பிழை திருத்துகிற தொழில், எங்கே உட்கார்ந்தும் செய்யலாம்.

அவனுடைய லட்சணத்தை ஒரு சம்பவத்தில் சொல்லிவிடலாம். சென்ற வருஷம் ஒரு திங்கட்கிழமை அறிவியல் ரெக்கார்ட் நோட்டைக் கொடுக்கவேண்டும். ஞாயிறு முழுக்க உட்கார்ந்து படம் வரைந்து, பாகங்களைக் குறித்து, அட்டைகூடப் போட்டுவிட்டான். மறுநாள் ஆசிரியை கேட்டபோது எழுந்து நின்று "செய்யலை மிஸ்" என்றிருக்கிறான். அம்மாவுக்குத் தகவல் வந்தது. சாயந்திரம் பையைக் கவிழ்த்தால் டிபன் பாக்ஸுக்கு அடியில் நோட்டு இருக்கிறது, ஓரத்தில் தயிர்க் கறையோடு. தங்கைக்கு அழுகையே வந்துவிட்டது. நான் ஏன் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்: "எங்க வெச்சேன்னு அந்த நிமிஷம் தோணல மாமா. தேடினா கிளாஸே பாக்கும். செய்யலைன்னு சொன்னா ஒரு திட்டோட போயிடும்."

இந்தக் கணக்கில் ஒரு பிசகும் இல்லை. தேடும் நேரம் நீளமானது, திட்டு குறுகியது. இப்படி ஒரு பையன், தான் செய்த வேலையையே செய்யவில்லை என்று ஒப்புக்கொள்ளும் இடத்துக்கு வந்து சேருகிறான். அதற்கடுத்த படி, செய்யாததைச் செய்துவிட்டதாகச் சொல்வது. அதுவும் வந்தது. பொறுப்பில்லாதவன் என்ற பட்டத்தோடு பொய்யன் என்ற பட்டமும் சேர்ந்தது. மற்றபடி, இரண்டு சாமான் வாங்கிவரச் சொன்னால் ஒன்றை வாங்கி வருவான். ரங்கநாதன் தெருவுக்கு அனுப்பினால், மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து பஸ் நிலையத்துக்கு 2023-ல் போட்ட ஆகாய நடைபாதையில் நின்று ரயில் பார்த்துக்கொண்டிருப்பான். பத்து நிமிஷமும் ஒரு மணி நேரமும் அவனுக்கு ஒன்றுதான்.

இதற்கு உளவியலில் 'எக்ஸிக்யூடிவ் ஃபங்ஷன்' என்று பெயர் சொல்கிறார்கள். அதாவது இதில் பலவீனப்பட்டிருக்கும் திறனுக்கு. தனி வியாதியின் பெயர் அல்ல. கவனக்குறைவு, டிஸ்லெக்ஸியா, ஆட்டிசம் என்று பல நிலைகளில் இது சேர்ந்து வருகிறது, எந்தப் பெயரும் இல்லாமலும் வருகிறது. சொல் ஆபீஸிலிருந்து வந்தது. 1974-ல் பாட்லியும் ஹிட்சும் நினைவைப் பற்றி எழுதியபோது மனதுக்குள் ஒரு மத்திய நிர்வாகியைக் கற்பித்தார்கள். அந்த வாடை இன்னும் போகவில்லை. 'நிர்வாகத் திறன்', 'செயல் நிர்வாகம்' என்றெல்லாம் தமிழாக்கங்கள் வருகின்றன. படித்தால் ஏதோ கூட்டுறவுச் சங்கத்துத் தீர்மானம் மாதிரி இருக்கிறது. வள்ளுவரிடம் 'ஆள்வினை' என்று ஒரு சொல் இருக்கிறது. அவர் பொருளில் அது முயற்சி. வினையை ஆளுதல் என்று பிரித்துக்கொண்டால் நமக்கு வேண்டியது கிட்டத்தட்டக் கிடைத்துவிடுகிறது. இலக்கணம் தெரிந்தவர்கள் கோபித்துக்கொள்ளலாம். இந்தக் கட்டுரை முடியும்வரை இரவல் வாங்கிக்கொள்கிறேன்.

ஆள்வினையின் அடிப்படை மூன்று என்று அடேல் டயமண்ட் 2013-ல் எழுதிய ஒரு தொகுப்புரையில் வகுத்திருக்கிறார். கை துறுதுறுப்பதை அடக்கிக்கொள்வது ஒன்று. ஒரு விஷயத்தை மனதில் பிடித்துவைத்துக்கொண்டே அதன்மேல் வேலை செய்வது இன்னொன்று. நிலைமை மாறினால் தானும் மாறிக்கொள்வது மூன்றாவது. திட்டமிடுவது, தொடங்குவது, நேரத்தை உணர்வது, முடித்ததை உரிய இடத்தில் சேர்ப்பது எல்லாம் இவற்றின்மேல் கட்டப்படுபவை. இதற்கு முக்கியமாக வேண்டிய, நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதி இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டிருக்கிறது. எல்லாக் குழந்தைகளுக்கும் அது தாமதம்தான். சிலருக்கு இன்னும் தாமதம்.

இதை ஒழுக்கக்கேடு என்று பார்த்தவர்கள் தியாகராய நகர்வாசிகள் மட்டுமல்ல. 1902-ல் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் லண்டனில் நிகழ்த்திய உரைகளில் இப்படிப்பட்ட குழந்தைகளை விவரித்தார். புத்தியில் குறையில்லாத குழந்தைகள். அவர் கொடுத்த பெயரில் 'ஒழுக்கக் கட்டுப்பாட்டில் குறை' என்ற அர்த்தம் இருந்தது. குறை உடம்பைச் சேர்ந்தது என்று அவர் யோசித்தும் அந்த ஒழுக்கம் என்ற சொல் ஒட்டிக்கொண்டது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் கவனக்குறைவு என்ற பெயர் வர 1980 ஆயிற்று. எங்கள் சந்துக்கு அது இன்னும் வந்துசேரவில்லை.

ஒழுக்கம் என்று வைத்துக்கொண்டால் மருந்து உபதேசமாகத்தான் இருக்கமுடியும். பையனுக்கு உபதேசத்தில் பஞ்சமில்லை. எப்படிப் படிக்கவேண்டும் என்று அவனையே கேட்டுப்பாருங்கள். கால அட்டவணை போடவேண்டும், கஷ்டமான பாடத்தை முதலில் எடுக்கவேண்டும், இரவே பையை அடுக்கிவைக்கவேண்டும் என்று ஒரு மணி நேரம் சொல்வான். பல பெரியவர்களைவிட நன்றாகச் சொல்வான். தெரியாமை அங்கே இல்லவே இல்லை. தெரிந்ததற்கும் செய்வதற்கும் நடுவில் ஒரு பலகை வேண்டும். அது அவனுக்கு அந்த நேரத்தில் அகப்படுவதில்லை. ரஸ்ஸல் பார்க்லி என்ற அமெரிக்க உளவியலாளர் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பச் சொல்லிவருவதும் இதுதான்: உதவி என்பது வேலை நடக்கிற இடத்தில், நடக்கிற நேரத்தில் நிற்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை கொடுக்கும் அறிவுரை திங்கட்கிழமை பத்தரை மணிக்குக் கைகொடுக்காது.

நேரமும் இடமும் வேண்டாத உதவிகள் கடையில் கிடைக்கின்றன. தியாகராய நகரில் கிடைக்காதது எது? பனகல் பார்க்கைச் சுற்றி ஒரு வலம் வந்தால் வல்லாரை மாத்திரை, அபாகஸ் வகுப்பு, ஞாபகசக்தி முகாம் எல்லாம் போர்டு மாட்டியிருக்கும். சில வருஷங்களுக்கு முன் கண்ணைக் கட்டிக்கொண்டு புத்தகம் வாசிக்கவைக்கும் 'மிட்பிரெயின் ஆக்டிவேஷன்' என்ற வித்தை நாடு முழுக்க விலைபோயிற்று. துணியின் கீழ் இடுக்கு வழியே பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்று பகுத்தறிவாளர்கள் காட்டியும் கொஞ்ச நாள் ஓடியது. இன்னும் கௌரவமான சரக்கு, கம்ப்யூட்டரில் விளையாடி நினைவை வளர்ப்பது. மெல்பி-லெர்வாக், ஹ்யூம் என்ற இருவர் 2013-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து எழுதினார்கள்: விளையாடியவர்கள் அந்த விளையாட்டில் தேறுகிறார்கள், படிப்பிலோ கணக்கிலோ அந்தத் தேர்ச்சி வந்து சேருவதாகத் தெரியவில்லை. சிலருக்கு மருத்துவர் மேற்பார்வையில் மருந்து நிஜமாகவே உதவுகிறது என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் மருந்து பலகை போடச் சௌகரியம் செய்யும். பலகையை யாராவது போடவேண்டும்.

ஸ்தாபனங்கள் இல்லாமலும் இல்லை. சென்னை டிஸ்லெக்ஸியா சங்கம் 1991-லிருந்து இயங்குகிறது, எங்கள் பக்கம் ஜி.என். செட்டி சாலையில். பள்ளி ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுக்கிறார்கள். அது சரியான வழி. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்றது. கற்றல் குறைபாடு அதில் உண்டு, கவனக்குறைவு தன் பெயரில் இல்லை. சான்றிதழ் பெற்ற பிள்ளைகளுக்குத் தேர்வில் கூடுதல் நேரம் தருகிறார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்படும் குழந்தைக்கு அது பெரிய உபகாரம். நேர உணர்வே இல்லாதவனுக்குக் கூடுதலாக ஒரு மணி கொடுப்பது, நீந்தத் தெரியாதவனுக்கு இன்னும் கொஞ்சம் அகலமான குளம் கொடுப்பதுதான். அவனுக்கு வேண்டியது, அரைமணிக்கொருமுறை மேஜைமேல் விரலால் தட்டி எத்தனையாவது கேள்வி என்று காட்டும் ஒருவர். சட்டத்தில் அதற்கு ஷரத்து எழுதுவது கஷ்டம்.

நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். இதில் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. அடையாறில் ஓர் உளவியலாளர் தங்கையிடம் இரண்டு விஷயங்கள்தான் சொன்னார்: தலையில் இருக்கவேண்டியதை வெளியில் கொண்டுவந்து கண்ணெதிரே வையுங்கள், தொடங்கும்போது கூட இருங்கள்.

சுவரில் தினசரி காலண்டர் இருக்கிறது. அன்றன்று கிழிக்கும் தாளின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். அதில் அன்றைய வேலைகளை எழுதினோம். ஆரம்பத்தில் ஒன்பது வரிகள். 'படி' என்று எழுதுவதில் பிரயோஜனம் இல்லை என்பது இரண்டாம் நாளே தெரிந்தது. அது வேலை இல்லை, வேலைக்குப் பெயர். 'டிபன் பாக்ஸைத் தொட்டியில் போடு', 'கணக்கு நோட்டை மேஜைமேல் வை', 'பயிற்சி 3-ல் முதல் கணக்கு' என்று எழுதினால் கை நகர்கிறது. கவிதையைப் பற்றி நாம் சொல்லிக்கொள்ளும் விஷயம்தான்: அருவமாகச் சொன்னால் எதுவும் நிகழ்வதில்லை. முடிந்த வேலையை அவனே அடிப்பான். அடிக்கும்போது பேனாவை அழுத்துகிற அழுத்தில் காகிதம் கிழியும்.

கடிகாரத்தை மாற்றினோம். எண் ஓடும் கடிகாரத்தில் 6:40 என்பது வெறும் எண். எவ்வளவு போயிற்று, எவ்வளவு மிச்சம் என்பது கண்ணுக்குப் படுவதில்லை. முள் வைத்த பழைய சுவர்க்கடிகாரத்தை இறக்கி மேஜைக்கு எதிரே மாட்டி, கண்ணாடிமேல் ஸ்கெட்ச் பேனாவால் ஏழு மணி வரைக்கும் ஒரு துண்டு தீட்டினான். முள் அந்தத் துண்டைத் தின்றுகொண்டு போகும். "ஏழு மணிக்குள்ள முடி" என்று அதுவரை சொன்னதெல்லாம் அவனுக்கு என்ன பாஷையாக இருந்ததோ.

பிறகு உட்காருவது. ஆறரைக்கு அவன் ஒரு பக்கம், நான் எதிர்ப்பக்கம் என் பிழை திருத்தும் தாள்களோடு. நான் கற்பிப்பதில்லை. அவனுடைய கணக்கு எனக்குத் தெரியாது. முதல் கணக்கின் எண்ணை நோட்டில் நான் எழுதிக் கொடுப்பேன், அவ்வளவுதான். வெற்றுத்தாளின்முன் அவனுக்கு நேரும் உறைவு அந்த ஓர் எண்ணில் உடைந்துவிடுகிறது. (வெற்றுத்தாளின்முன் உறைவது நம் வட்டத்தில் யாருக்கும் புதிதல்ல.) அவன் ஜன்னல் பக்கம் பார்க்க ஆரம்பித்தால் காலண்டர் தாளை ஒருமுறை விரலால் தொடுவேன். பேசினால் கெட்டது. பேச்சு உடனே விசாரணையாகிவிடும், பதினான்கு வயசு. வெளியே உஸ்மான் சாலையின் ஹார்ன் சத்தம், கீழே குக்கர். இந்தத் தியாகராய நகரே 1920களில் ஏரியை வற்றவைத்துக் கோடு போட்டு, பார்க்கை நடுவில் வைத்துத் தெருக்களைத் திட்டமிட்டுக் கட்டிய நகர். இங்கே குடியிருக்கும் நாங்கள் யாரும் எந்தக் காரியத்தையும் திட்டமிட்டுச் செய்து நான் பார்த்ததில்லை. மழை பெய்தால் தண்ணீருக்கும் பழைய ஏரியின் ஞாபகம்தான் வருகிறது.

மூன்றாவது மாதம் எல்லாம் குலைந்தது. ஒரு வாரம் காய்ச்சல், பிறகு தீபாவளி. தாளில் எழுதுவது நின்றது, நின்றபின் மறுபடி தொடங்க முடியவில்லை. சிநேகிதன் வீட்டுக்கு வருகிறான் என்றால் காலண்டர் தாளைக் கிழித்துச் சட்டைப்பையில் ஒளித்துக்கொள்வான். அது நியாயமான ரோஷம். ஒன்பது வரியைக் குறைப்பதா, தாளை அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் மாற்றுவதா என்று அவனையே கேட்டோம். உள்பக்கம் என்றான். உதவி யாருடைய கண்ணில் படலாம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை பையனுடையது. அதைக் கொடுக்காத உதவியை எந்தப் பிள்ளையும் சீக்கிரமே உதறிவிடும்.

ஒருநாள் அவன் முணுமுணுப்பது காதில் விழுந்தது. "அடுத்தது என்ன? நோட்டு. நோட்டை வெச்சாச்சு. அடுத்தது?" என் குரலின் ஏற்ற இறக்கம் அப்படியே இருந்தது, எனக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை. 37 வயதில் க்ஷயரோகத்தில் இறந்துபோன ருஷ்ய உளவியலாளர் விகோட்ஸ்கி இதைத்தான் எழுதினார். முதலில் மற்றவர் குரல் குழந்தையை நடத்துகிறது. பிறகு குழந்தை வாய்விட்டுத் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறது. கடைசியில் குரல் உள்ளே போய்ச் சிந்தனையாகிறது. அவருடைய சகா லூரியா, விளக்கு எரிந்ததும் ரப்பர் பந்தை அழுத்தவேண்டும் என்று சிறு குழந்தைகளை வைத்துச் சோதனைகள் செய்தார். சொல் கையை ஆளக் கற்பது எவ்வளவு மெதுவாக நடக்கிறது என்பதை அவற்றில் பார்க்கலாம். உள்ளே ஒரு குரல் வேண்டுமென்றால் முதலில் வெளியே ஒரு குரல் இருக்கவேண்டும். அது எந்தக் குரல் என்பதுதான் கேள்வி. 'பொறுப்பில்லாதவன்' என்ற குரலும் உள்ளே போகும், அதே வழியாக.

நம் பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களுக்கு இதில் பாதி தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். மணலில் விரல் வைத்து எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொல்வது, எண்சுவடியைக் கூட்டமாக ராகம் போட்டுச் சொல்வது, மூத்த பையன் சட்டாம்பிள்ளையாகச் சின்னவன் பக்கத்தில் உட்காருவது. எழும்பூரில் அனாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து, அதைத் தன் விடுதியில் செய்துபார்த்து, பிள்ளைகளையே பிள்ளைகளுக்கு ஆசிரியராக்கி, 1797-ல் லண்டனில் புத்தகம் போட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. இந்தச் சரித்திரத்தைப் பெருமையாகச் சொல்வோர் மறுபாதியைச் சொல்வதில்லை. அதே திண்ணையில் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டமும் இருந்தது. கூட உட்கார்ந்தவனே பிரம்பையும் வைத்திருந்தான். பள்ளியில் அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்துவிட்டது. பிரம்பு போனது நல்லது. கூட உட்காருவதும் அதோடு போய்விட்டது.

சிநேகிதர் ஒருவர், கவிஞர், இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தார். ஒழுங்கு குமாஸ்தாக்களுக்கு வேண்டியது. ஒழுங்கின்மையிலிருந்துதான் படைப்பு வருகிறது. ராமானுஜன் என்ன பாஸ் செய்தாரா என்றார். நம் வட்டத்தில் இது பிரபலமான வாதம். பத்திரிகை மூன்று மாதம் தாமதமாக வருவதையும், மொழிபெயர்க்க வாங்கிப்போன புத்தகம் திரும்பாததையும், பதில் போடாத கடிதங்களையும் நாம் இந்தக் கணக்கில்தான் எழுதிவைத்திருக்கிறோம். ராமானுஜனுக்கு என்ன குறை என்று கணிக்க எனக்கு யோக்யதை இல்லை. கும்பகோணத்தில் ஸ்காலர்ஷிப் போனது, பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தும் எஃப்.ஏ. தேறாதது எல்லாம் நிஜம். ஆனால் 1912-ல் துறைமுகத்தில் குமாஸ்தாவானபின், மேலதிகாரி எஸ். நாராயண ஐயர் இரவு நேரத்தில் ஸ்லேட்டை மடியில் வைத்துக்கொண்டு அவரோடு உட்கார்ந்தார். தாண்டிப்போன படிகளை, மற்றவர்களுக்குப் புரியும்படி எழுதச் சொல்லி வற்புறுத்தினார். அதை யாரும் சொல்வதில்லை. மேதை என்றால் தனியாக இருக்கவேண்டும் என்று நமக்கு ஓர் ஆசை.

நம் எழுத்தாளர்களின் ஒழுங்கின்மையைப் பற்றியும் ஒரு விஷயம். மூக்குக்கண்ணாடி எங்கே, மின்சாரக் கட்டணம் கட்டியாயிற்றா, கையெழுத்துப் பிரதியின் நாலாம் பக்கம் எந்த அலமாரியில் என்பதெல்லாம் யாருக்குத் தெரிந்திருந்தது? பெரும்பாலும் மனைவிக்கு. நம் இலக்கியத்தின் ஆள்வினை கணிசமான அளவு அடுக்களையில் இருந்திருக்கிறது. அதற்குப் பெயர் போட்டுக் கௌரவிக்கவில்லை, அவ்வளவுதான். இன்றைக்குப் பள்ளிக்கூடம் வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறது. அது அம்மாவின் போனில் வந்து விழுகிறது. வங்கிக் கவுண்ட்டரில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் மாலை நாலு மணிக்கு ஒன்பதாம் வகுப்பின் குமாஸ்தாவும் ஆகவேண்டியிருக்கிறது.

இன்னொன்று. என் தங்கை மகனிடம் ஒளிந்திருக்கும் மேதைமை எதுவும் கிடையாது. ஓவியம் வரையமாட்டான், ராகம் கண்டுபிடிக்கமாட்டான். ரயில் பார்ப்பான். ரயிலைப் பற்றி அசாதாரணமாக எதுவும் தெரியாது, பார்க்கப் பிடிக்கும். நம் ஊரில் இப்படிப்பட்ட பிள்ளைக்கு அனுதாபம் கிடைக்கவேண்டுமானால் பின்னால் அது ஏதாவது வித்தை காட்டவேண்டியிருக்கிறது. 2007-ல் வந்த அந்த ஹிந்திப் படத்தில்கூடப் பையன் ஓவியப் போட்டியில் ஜெயித்தாக வேண்டியிருந்தது. சாதாரணப் பையன், சாதாரணமாகப் பத்தாம் வகுப்பு தேறி, தன் சாவியைத் தொலைக்காமல், தன்னைப் பற்றி மோசமாக நினைத்துக்கொள்ளாமல் வளர்வதற்காக ஒருவர் மாலையில் இரண்டு மணி நேரம் கொடுக்கலாமா என்று கேட்டால் நம்மிடம் பதில் தயாராக இல்லை.

கொடுக்க யாரிடம் இருக்கிறது என்பது அடுத்த சிக்கல். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்து, 2013-ல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. 5 என்ற எண்ணை மூன்று தடவை எழுதிக் காட்டினால் எத்தனை எண் என்று சொல்லவேண்டும். 'ஐந்து' என்று வாயில் வருவதை அடக்கி 'மூன்று' என்று சொல்வது ஆள்வினை. கையில் காசில்லாத அறுவடைக்கு முந்தைய நாட்களில் அதே மனிதர்கள் அதிகம் தவறினார்கள், மெதுவாகச் சொன்னார்கள். அறுவடைக்குப் பின் தேறினார்கள். அந்த ஆய்வின் கணக்குகளைப் பற்றி சர்ச்சையும் நடந்தது. ஆனால் கடன்காரன் வாசலில் நிற்கும்போது மனம் ஓடாது என்பது கிராமத்தில் யாருக்கும் புதுச்செய்தி இல்லை. ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷல் குழந்தைகள்முன் இனிப்பை வைத்துக் காத்திருக்கச் சொன்ன சோதனையும் இதே கதைதான். காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் முன்னேறினார்கள் என்று அதை வைத்து எத்தனை மேடைப் பேச்சு! 2018-ல் 900க்கு மேற்பட்ட குழந்தைகளை வைத்துத் திரும்பப் பார்த்தபோது, குடும்ப நிலைமையைக் கணக்கில் சேர்த்ததும் அந்தத் தொடர்பு பெரும்பாலும் கரைந்துவிட்டது. பொறுமை என்று நாம் மெச்சியதில் பெரும்பங்கு வீட்டு அலமாரியில் இன்னொரு டப்பா இனிப்பு இருக்கிறது என்ற நம்பிக்கையாக இருந்திருக்கலாம்.

எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி, ரங்கநாதன் தெருக் கடைகளில் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள் நிற்கிறார்கள், தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். படிப்பு ஏறலை என்று வந்தவர்களில் எத்தனை பேர் பையில் முடித்த நோட்டு இருக்க 'செய்யலை' என்று சொன்னவர்கள்? அவர்களுக்கு மாடியில் பிழை திருத்திக்கொண்டு ஒரு மாமா இருந்திருக்கமாட்டார். ஆகவே இதை வீட்டுக்குள் வைத்துத் தீர்க்கமுடியாது. வகுப்பறையில் செய்யக்கூடியவை அப்படியொன்றும் பெரிய காரியங்களும் இல்லை. வீட்டுப்பாடத்தை மணி அடித்தபின் கத்திச் சொல்லாமல், பாடம் தொடங்கும்போதே போர்டில் எழுதி, எல்லோரும் எழுதிக்கொள்ள இரண்டு நிமிஷம் நிற்பது. நோட்டுகளை வகுப்பில் நுழையும்போதே வாசலில் வாங்கிக்கொள்வது. பெரிய வேலையைத் துண்டாக்கி ஒவ்வொரு துண்டுக்கும் தேதி கொடுப்பது. அடுத்த பெஞ்சுப் பையனை ஜோடி சேர்ப்பது. நாற்பது பேரில் முப்பத்தைந்து பேருக்கு இவை தேவைப்படாமல் போகலாம், கெடுதலும் இல்லை.

திருக்குறளில் பொச்சாவாமை, மடியின்மை, காலமறிதல், ஆள்வினையுடைமை என்று ஞாபகத்துக்கும் நேரத்துக்கும் முயற்சிக்கும் தனித்தனி அதிகாரங்கள் இருக்கின்றன. பள்ளிக்கூடச் சுவர்களில் இவற்றைப் பிள்ளைகளுக்காக எழுதிவைக்கிறோம். அவை வருவது பொருட்பாலில், அரசனுக்குச் சொல்லும் இடத்தில். அவற்றைச் சொல்லி முடித்ததும் வள்ளுவர் அடுத்து அமைச்சு என்று ஆரம்பிக்கிறார். வினைத்திட்பமும் வினைசெயல்வகையும் அந்த வரிசையில்தான் வருகின்றன. முடி சூடிய ஆளுக்கே பக்கத்தில் ஓர் ஆள் தேவை என்பது அவருக்குச் சகஜமான விஷயமாக இருந்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பையனிடம் நாம் எதிர்பார்ப்பது, அமைச்சரில்லாத அரசாட்சி.

இப்போது காலண்டர் தாளில் நாலு வரிதான். ஐந்தாவதாக இருந்த 'ஐ.டி. கார்டு' வரியை அவனே ஒருநாள் எழுதாமல் விட்டான். கார்டைச் செருப்பு வைக்கும் இடத்துக்குமேல் ஆணியில் மாட்டிவைத்திருக்கிறான், ஆணியை அடித்ததும் அவன்தான். ரெக்கார்ட் நோட்டு இந்த வருஷம் இரண்டு தடவை நேரத்துக்குப் போனது, ஒரு தடவை போகவில்லை. போகாத அன்றைக்கு "செஞ்சுட்டேன், வீட்ல இருக்கு மிஸ்" என்று சொல்லியிருக்கிறான், வீட்டில் இருந்தது. அரையாண்டுத் தேர்வுக்குப்பின் என் நாற்காலி அடுத்த அறைக்குப் போயிற்று. நடுக்கதவு திறந்திருக்கும். ஆறே முக்கால் வாக்கில் "மாமா, இருக்கீங்களா?" என்று ஒரு குரல் வரும். கேட்பதற்கு அவனிடம் வேறு ஒன்றும் இருக்காது. "இருக்கேன்" என்பேன். மறுபடி பேனா ஓடும் சத்தம் கேட்கும்.